அம்மா சொன்னால் ரயில் வரும்

மார்ச் 6

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வாண்டைப் பொறுப்பேற்றுக்கொண்டதாக எதிர்வீட்டு அக்கா நர்ஸிடம் சொன்னாராம். நன்றி என்று எழுதிவிட்டேன். அடுத்த வரிதான் வர மாட்டேன் என்கிறது.

ஒரு வருஷமாக நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் கடைக்குப் போனேன், நீங்கள் தூங்கிவிட்டீர்கள், திரும்பி வந்தால் அவள் மாவு டின்னைக் கவிழ்த்து அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். "உன்ன நம்பி ஒரு பூந்தொட்டியக்கூட விட்டுட்டுப் போக முடியாது" என்று கத்தினேன். அன்று போனவர்தான் நீங்கள். நான் சொன்னது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இப்போது எனக்கு வேறு யாரும் இல்லை. உங்கள் அண்ணனின் கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. மே மாசத்துக்கு முன்னால் அவரால் கரையேற முடியாது.

எனக்கு ஏழாம் மாசம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருக்கிறதாம். ரத்தம் கண்டதும் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை இந்தக் கட்டில்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நம் ஊரிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வர அரை நாள் ஆகிறது.

போனில் பேச முடியாது. நேற்று எதிர்வீட்டு அக்கா அவளிடம் போனைக் கொடுத்தார். "கண்ணு" என்றேன். அவ்வளவுதான், அம்மா வந்துவிட்டாள் என்று போனைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்குள் எல்லாம் தேடி, அழுது, வாந்தியெடுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் அழுததில் வயிறு கல்லாக இறுகிவிட்டது. நர்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டார். இனி போன் கூடாது என்று உத்தரவு. இந்த ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை நம் ஊரில்தான் வெளுக்கிறார்கள். அந்த வேன் டிரைவர் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். நல்ல மனுஷன். நீங்களும் அவரிடமே கொடுத்துவிடலாம்.

தலையில் தண்ணீர் பட்டால் ஊரைக் கூட்டுவாள். ஸ்பூன் அவள் கையில் இருந்தால்தான் சாப்பிடுவாள், பாதி தரையில் போகும், கண்டுகொள்ளாதீர்கள். தூங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்சம் வலிக்கும்.

தூங்கிவிடாதீர்கள்.

அண்ணி

-

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தில் "நீங்கள்" என்று பார்த்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அண்ணன் வந்துவிட்டானோ என்று. திட்டும்போதுகூட "நீ" என்றுதானே திட்டுவீர்கள்? இந்த மரியாதை எனக்கு அஜீரணம் செய்கிறது.

வாண்டு சௌக்கியம். முதல் நாள் என்னைக் கண்டதும் எதிர்வீட்டு அக்காவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடி ஃபிரேம் ஒன்றை எடுத்து என் மூக்கில் போட்டேன். அப்புறம் இன்னொன்று, அதற்கு மேலேயே. அப்புறம் மூன்றாவது. சேலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து நாலாவதை வாங்கிக்கொண்டது.

என் முதலாளியம்மாவிடம் லீவு கேட்டேன். "லீவெல்லாம் கிடையாது, லென்ஸ் வெட்ட எனக்கு வேற ஆள் இல்ல. குழந்தையக் கூட்டிட்டு வா" என்றார். ஆகவே வாண்டு இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மெத்தை. லென்ஸ் வெட்டும் இயந்திரத்தின் பக்கம் வராதபடி ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருக்கிறேன். அங்கிருந்துகொண்டு, கண்ணாடி வாங்க வருபவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து "நல்லா இல்ல" என்கிறாள். நேற்று ஒரு வாத்தியார் அவள் பேச்சைக் கேட்டு ஃபிரேமை மாற்றிக்கொண்டு போனார். உண்மையிலேயே முதலில் எடுத்தது நன்றாக இல்லை.

காது கொஞ்சம் வலிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம்?

தூங்கவில்லை.

உங்கள் கொழுந்தன்

-

மார்ச் 12

தம்பிக்கு,

வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துக் கட்டில்காரிக்கு வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். ஆனால் நான் கேட்காமலே நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை எழுதவே இல்லை. என்னைக் கேட்கிறாளா? எப்படிக் கேட்கிறாள்? நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்?

எனக்கு வலிக்கும் என்று மறைக்காதீர்கள். இங்கே மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பதுதான் என் வேலை. வலிப்பதாவது ஒரு வேலையாக இருக்கட்டும்.

வயிற்றில் இருப்பது அமைதியாக இருக்கிறது. அவளைப் போல உதைப்பதில்லை. இதை வளர்க்க நான் இங்கே கிடக்கிறேன், அதனால் அவள் அங்கே கிடக்கிறாள். எந்தத் தாயாவது ஒரு பிள்ளைக்காக இன்னொன்றை விட்டுவிட்டு வருவாளா? பக்கத்துக் கட்டில்காரி, "எல்லாரும் அதத்தான்மா செய்றோம். நீ கொஞ்சம் தூரமா வந்து செய்றே" என்கிறாள்.

அண்ணி

-

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

தலைக்குக் குளிப்பாட்டிவிட்டேன்! வாளியை அவளிடமே கொடுத்து முதலில் என் தலையில் ஊற்றச் சொன்னேன். சட்டை, பேன்ட், கைக்கடிகாரம் எல்லாம் நனைந்தது. நான் "ஐயோ அம்மா" என்று ஊரைக் கூட்டினேன். அவள் என் முதுகில் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அது உங்கள் குரல், உங்கள் இழுவை, அப்படியே. அப்புறம் தன் தலையையும் காட்டினாள்.

விழுந்தால் வலிக்கிற இடத்தில் ஊதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது மேஜைக்கு அடிபட்டால் மேஜைக்கும் ஊதுகிறாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாள். நீங்கள் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வேன் கிளம்பப்போகிறது.

கொழுந்தன்

-

மார்ச் 19

தம்பிக்கு,

வேன் கிளம்பப்போகிறது என்று எழுதினீர்கள். அந்த வேன் டிரைவர் உங்களிடம் கடிதத்தை வாங்கிவிட்டு டீ குடித்து, சாப்பிட்டு, அப்புறம்தான் கிளம்பியதாகச் சொன்னார். வேறு ஒன்றும் சொன்னார். "உங்க கொழுந்தனாரத் தினம் சாயங்காலம் ஸ்டேஷன்ல பார்க்கிறேன்மா. பாப்பாவத் தோள்ல வெச்சுக்கிட்டு பிளாட்ஃபாரத்துல உட்கார்ந்திருப்பார்."

தினமும்? ரயில்வே ஸ்டேஷனில் ஒரு சின்னக் குழந்தைக்கு என்ன வேலை? நான் அங்கே வேலை பார்க்கிறவள். சாயங்கால வண்டிக்கு எப்படிக் கூட்டம் நெருக்கியடிக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் கையை விட்டுவிட்டுக் கதறிய தாய்மார்களுக்காக நானே மைக்கில் அறிவிப்புச் செய்திருக்கிறேன். சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறீர்களா? வேடிக்கை பார்க்கவா? என்னவாக இருந்தாலும் நிறுத்துங்கள். என் பிள்ளை விஷயத்தில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது.

ஒரு வருஷத்தில் ஆள் மாறியிருப்பார் என்று நினைத்தேன்.

அண்ணி

-

மார்ச் 20

அண்ணி,

உடனே எழுதுகிறேன். வேன்காரரைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே.

உங்களைக் கேட்கிறாளா என்று கேட்டீர்கள். முதல் வாரம் எழுந்ததும் கேட்பாள், சாப்பிடும்போது கேட்பாள், கடைக்கு யார் வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். "அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, பாப்பா கொண்டுவருவாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "பாப்பா வேணாம், அம்மா வேணும்" என்றாள். இதைத்தான் எழுத முடியவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் எங்கள் கடைக்கு லென்ஸ் பார்சல் ரயிலில் வந்தது. அதை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். அவளையும் தூக்கிக்கொண்டுதானே போக வேண்டும்? சத்தியமாக எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பிளாட்ஃபாரத்தில் கால் வைத்ததும், தலைக்கு மேலே, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று உங்கள் குரல், பதிவு செய்து வைத்தது.

போனில் நடந்தது தெரியுமே! இப்போது கத்தப்போகிறாள், வாந்தியெடுக்கப்போகிறாள் என்று வெளியே ஓடத் திரும்பினேன். அவள் என் வாயைக் கையால் பொத்தி, "உஷ்" என்றாள். அண்ணாந்து பார்த்தாள். தூணில் இருந்த ஒலிபெருக்கியைக் கண் சிமிட்டாமல் பார்த்தாள். நீங்கள் வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி முடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது, அவ்வளவு பெரிய ரயில், தடதடவென்று.

"அம்மா சொன்னாங்க! ரயில் வந்துச்சு!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுமை தூக்குகிறவரிடம் சொன்னாள். பெட்டியோடு இறங்கிய ஒரு பெரியவரிடம் சொன்னாள். "எங்கம்மா சொன்னாங்க." அவர், "அப்படியா கண்ணு? உங்கம்மாவுக்கு ரொம்ப நன்றி சொல்லு, நான் நேரத்துக்கு வந்துட்டேன்" என்றார். அடுத்து நீங்கள் வண்டி புறப்படும் என்றீர்கள், அது புறப்பட்டது. அம்மா வா என்றால் ரயில் வருகிறது, போ என்றால் போகிறது. அன்று இரவு முட்டையும் சோறும் கீழே சிந்தாமல் சாப்பிட்டாள். எழுந்தபோது அம்மா எங்கே என்று கேட்கவில்லை. "ஸ்டேஷன் போலாம்" என்றாள்.

ஏன் போனில் அழுதவள் அங்கே அழவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் உங்கள் குரல் உடைந்திருந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டேஷனில் அந்தக் குரல் திடமாக இருக்கிறது. அந்தக் குரல் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கிறது.

சுவரோரமாகக் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறோம். வண்டி நிற்கும்போது அவளைத் தோளிலிருந்து இறக்குவதில்லை. உங்களிடம் சொன்னால் குழந்தைக்கு இப்போது ஒலிபெருக்கிதான் அம்மாவா என்று வருத்தப்படுவீர்களோ என்று மறைத்தேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் எழுதுங்கள்.

கொழுந்தன்

-

மார்ச் 23

டேய் தம்பி,

வாசித்துவிட்டு அழுதேன், நர்ஸ் திட்டினார். அப்புறம் சிரித்தேன், அதற்கும் திட்டினார். வயிறு குலுங்கக் கூடாதாம். அழாமல் சிரிக்காமல் படுத்திருக்க நான் என்ன மரக்கட்டையா?

நிறுத்தாதே. தினமும் கூட்டிக்கொண்டு போ.

எத்தனையோ வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து அறிவிக்கிறேன். என் குரலைக் கேட்டு ஏறியவர்கள், இறங்கியவர்கள், வண்டி தாமதம் என்றதும் என்னைத் திட்டியவர்கள், எல்லோரும் உண்டு. ரயிலை நான் வரவழைக்கிறேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை!

உனக்கு ஒன்று தெரியாது. நீங்கள் இருவரும் கேட்கிற அந்தப் பதிவு எப்போது எடுத்தது என்று. அதை நான் பதிவு செய்தபோது அவள் என் வயிற்றில் நிறைமாசம். சத்தம் புகாத சின்ன அறை. "நடைமேடை" என்று சொல்லும்போதெல்லாம் உதைப்பாள், எனக்கு மூச்சு முட்டும், பதிவு செய்பவர், "மேடம், மறுபடியும்" என்பார். அவர் கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரிந்தேன். அந்தக் குரலில் அவளும் இருக்கிறாள். அதனால்தான் அழவில்லையோ என்னவோ. டாக்டரம்மாவிடம் கேட்டால் சிரிப்பார்.

உன்னை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வாளியை அவள் கையில் கொடுத்து என் தலையில் ஊற்றச் சொல்ல எனக்கு இரண்டரை வருஷத்தில் தோன்றவே இல்லை. நான் அவளைப் பிடித்து அமுக்கித்தான் ஊற்றுவேன். நீ அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாய். அதையும் பிய்த்துவிடுகிறாள், பாவம்.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும். நேற்று மறுபடி ரத்தம் கண்டது. எந்த நேரத்திலும் மேலே கொண்டுபோய் அறுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். நிறைய ரத்தம் போகுமாம். அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், அவரால் என்ன செய்ய முடியும்? ஒருவேளை நான் வராமல் போனால், அவள்

வேண்டாம். எழுதவில்லை. நீ புரிந்துகொள்.

அண்ணி

-

மார்ச் 29

அண்ணி,

உங்கள் கேள்விக்கு நான் எழுதிய பதில் திரும்பி வந்துவிட்டது. வேன்காரர் முகம் வெளுத்துப்போய், "அந்தக் கட்டில்ல வேற யாரோ இருக்காங்க தம்பி" என்று கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் முடிந்தது, பையன், எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான் என்றார்கள். அம்மா எப்படி இருக்காங்க என்றால், "பார்த்துட்டிருக்கோம்" என்கிறார்கள். நானும் அதே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காலையிலும் மாலையிலும்.

அந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டேன், மறுபடி எழுதவில்லை. நேற்று ஸ்டேஷனில் நடந்ததை எழுதுகிறேன். உங்களால் முடியாவிட்டால் நர்ஸ் வாசித்துக் காட்டட்டும்.

நேற்று நீங்கள் வண்டி தாமதமாக வந்து சேரும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றீர்கள். அவள் இதுவரை அதைக் கேட்டதில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரயில் எங்க?"

"லேட்."

"அம்மா சொன்னாங்களே?"

"அம்மாதான் லேட்டா வரும்னு சொல்றாங்க."

"வராதா?"

"வரும். லேட்டா வரும்."

வீட்டுக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விளக்குகள் எரியத் தொடங்கின. நீங்கள் மறுபடி தாமதம் என்றீர்கள். டீக்கடைக்காரர் அவளுக்கு ஒரு பன் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டத் தொடங்கினார். என் மடியிலேயே சாய்ந்து, காதைப் பிடித்துக்கொண்டு, கண் செருகிவிட்டது. நான் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை. இந்த ரயிலைப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று எனக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது. அண்ணி, நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஒரு ரயிலுக்காக அப்படிக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

வந்தது. தூரத்தில் விளக்கு தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"ம்" என்றாள், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில்தான் இருக்கிறோம். வந்துவிடுங்கள்.

கொழுந்தன்

-

ஏப்ரல் 5

தம்பி,

நிறைய எழுத முடியாது.

வந்துவிட்டேன்.

உன் கடிதத்தை நர்ஸ் எனக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டார். நீ எழுதாத ஒன்றை, பையனைப் பார்த்துக்கொள்கிற இன்னொரு நர்ஸ் வந்து சொன்னார். "உங்க வீட்டுக்காரர் ஆபரேஷன்னு தெரிஞ்ச அன்னிக்கே வேன்ல வந்து ரத்தம் குடுத்துட்டு, பையனைக் கண்ணாடி வழியா ஒரு நிமிஷம் பார்த்துட்டு, அடுத்த வேன்லயே போயிட்டார். இருங்கன்னு சொன்னேன். 'வீட்ல ஒருத்தி காது இல்லாமத் தூங்க மாட்டா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் என் வீட்டுக்காரர் இல்லை, என் கொழுந்தன் என்றேன். "அப்ப வீட்டுக்காரர் இவரவிட நல்லவரா?" என்று கேட்கிறார்.

பையன் என் கை நீளம்கூட இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. இந்த மாடி முழுக்கக் கேட்கிறது.

அவளைக் கூட்டிக்கொண்டு வா.

அண்ணி

-

ஏப்ரல் 13

தம்பி,

ஆண்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்று உன்னைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விட்டாய். அவளிடம் கேட்டிருப்பாய், அவள் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன்.

வாண்டு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல நீலச் சட்டை, இரண்டு பக்கமும் சமமாகப் பின்னிய தலை. பின்னக் கற்றுக்கொண்டுவிட்டாயா? நேர்வகிடு எடுத்திருக்கிறாய், லென்ஸ் வெட்டுகிற கை என்று தெரிகிறது. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். நான் கையை நீட்டினேன். வரவில்லை. நான் இளைத்துப்போயிருக்கிறேன், மூக்கில் குழாய் வைத்த தடம் இருக்கிறது. யாரோ என்று பார்க்கிறாள். என் பிள்ளை என்னை யாரோ என்று பார்க்கிறாள், தம்பி.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேன். காற்றுதான் வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்படி இல்ல. சத்தமா!"

வார்டே சிரித்துவிட்டது. தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவள் பக்கத்தில் வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும்" என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் என் கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"ஆமா."

கையைத் தன் இரண்டு கையாலும் தூக்கி ஊதினாள். இந்தக் கையில் ஊதிவிட்டு அந்தக் கையையும் கேட்டாள். அதிலும் ஊதினாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, நர்ஸ் பதறப் பதற, மேலே ஏறி என் பக்கத்தில் படுத்து என் காதைப் பிடித்தாள். "பாப்பா எங்க?" என்றாள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணாடி சித்தப்பா வெட்டினாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் நீதான் சமாளிக்க வேண்டும்.

நான் பயந்த மாதிரி அவள் வாடிப்போகவில்லை. கன்னம் வைத்திருக்கிறாள். பேச்சு நீண்டிருக்கிறது. ஊதத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் என் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன், நீ இன்னும் கொஞ்சம் பெரியவளாக்கித் திருப்பித் தருகிறாய்.

அண்ணி

-

மே 18

தம்பி,

நான் வீடு வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் வந்து, மகனைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, போயும் விட்டார். நீ எங்கே? நாங்கள் வந்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு உன் வாடகை அறைக்குப் போனவன், அதன்பிறகு ஆளையே காணோம். போன் செய்தால் "கஸ்டமர் இருக்காங்க அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். அந்தக் கடைக்கு அவ்வளவு கஸ்டமர் வந்தால் ஊரில் பாதிப்பேருக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால்தான் மறுபடி வேன்காரரிடம் கடிதம்.

என்ன கோபம்? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா?

அண்ணி

-

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

கோபமெல்லாம் இல்லை. எழுதிவிடுகிறேன், போனில் சொல்ல வராது.

நீங்கள் வந்த அன்று டாக்ஸியிலிருந்து இறங்கியதும், பையனை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, வாண்டைத் தூக்கக் கை நீட்டினீர்கள். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தீர்கள். அதை நான் பார்த்தேன்.

நான் இருந்தால் அவள் என்னிடம்தான் வருவாள் என்று தோன்றியது. நான் இல்லாவிட்டால் உங்களிடம் வருவாள். அவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள், உங்கள் பிள்ளை உங்களுக்கு வேண்டாமா? கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று முதலாளியம்மாவும் சொன்னார். அவரும் அவளைத் தேடுகிறார் என்பது வேறு விஷயம். கல்லாவுக்குப் பின்னால் மெத்தை அப்படியேதான் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பா எங்கே என்று கேட்டால், லேட்டா வருவாங்க என்று சொல்லாதீர்கள். நம்பிவிடுவாள்.

உங்கள் கொழுந்தன்

-

மே 21

தம்பி,

உன் கடிதம் வந்தபோது நான் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடிப்பதற்குள் வாசலில் தடாலென்று சத்தம். வாண்டு படியில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். பையனைக் கீழே கிடத்திவிட்டு ஓடினேன், ஓட்டம் என்ன, நடைதான். அவள் எழுந்து அழுதுகொண்டே என்னை நோக்கி வந்தாள். நான் குனிய முடியாமல் கையை விரித்தேன். என் கைக்கடியில் புகுந்து, என்னைத் தாண்டி, உள்ளே ஓடினாள். நீ படுத்திருந்த அந்தச் சின்ன அறைக்கு. "சித்தப்பா! சித்தப்பா!"

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக வலித்தது.

அறையில் நீ இல்லை. கொஞ்ச நேரம் உன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பி வந்து என் மடியில் ஏறி அழுதாள். முட்டிக்காக மட்டும் அழுதால் அவ்வளவு நேரம் அழ மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். முட்டியில் ஊதினேன். "நீ ஊது. சித்தப்பாவும் ஊதணும்" என்றாள்.

தம்பி, இந்தப் பையன் வயிற்றில் இருந்த மாசமெல்லாம் எனக்கு ஒரே பயம். இவன் வந்தால் அவளுக்குக் கொடுக்கிறதில் குறைந்துவிடுமோ, பாதி பாதியாகப் போய்விடுமோ என்று. வந்து பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. இவனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விளையாடுவதைப் பார்க்கிறேன், முன்னைவிட அழகாகத் தெரிகிறாள். எனக்கு இப்படி என்றால் அவளுக்கும் அப்படித்தானே? என்னைத் தேட அவள் உன்னை மறக்க வேண்டும் என்று யார் சொன்னது? உன் முதலாளியம்மா லென்ஸ் பற்றி மட்டும் பேசட்டும்.

நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிகிறது. அவளை எனக்கு முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று, உனக்கு அவ்வளவு பிடித்தவளைப் பார்க்காமலே இருந்திருக்கிறாய். என்னால் அது முடியாது. நான் ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டதால்தான் கிடந்தேன். நீ கட்டிப் போடாமலே இருந்திருக்கிறாய். போதும்.

பையனைக் குளிப்பாட்ட வேண்டும். வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்னும் குனிய முடியவில்லை. வாண்டு சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அதைத் தம்பிக்குத் தான்தான் போடுவாளாம். எதிர்வீட்டு அக்கா ஊரில் இல்லை. ஒருத்தர் தலையைப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒருத்தர் துண்டோடு நிற்க வேண்டும்.

வேன்காரர் வாசலில் காத்திருக்கிறார். அவரோடு வண்டியிலேயே ஏறி வந்துவிடு.

அண்ணி